பதினோரு ரேகை

பாஸான ஆளை எதற்கு மறுபடி கூப்பிடுகிறார்கள்? அதுதான் ஜெசிந்தாவுக்கு விளங்கவில்லை. காலை ஏழு மணிக்கு அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது போனில் தகவல் வந்தது. மலைக்குடிச் சான்று தொடர்பாக இன்று பத்து மணிக்கு நேரில் வரவும், வராவிட்டால் சான்று ரத்தாகும். அவ்வளவுதான். காரணம் ஒரு வரிகூட இல்லை. சர்க்கார் என்றைக்குக் காரணம் சொல்லியிருக்கிறது, இன்றைக்குச் சொல்ல?

கட்டிலில் படுத்திருந்த ஆரோக்கியம் யாரென்று கேட்டான். பாக்டரியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று புருஷனிடம் வாய்கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கஞ்சியை ஆற்றி அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கீழே கட்டட வேலைக்குப் போன மனுஷன் அவன். போனது பதினாறு நாள். பதினேழாம் நாள் வெயில் அடித்துச் சுருட்டிப் போட்டுவிட்டது. மூளை தப்பியது, சிறுநீரகம் தப்பவில்லை. மலைக்காற்றில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு கோடையைக் கீழே கழித்தால் ஆள் திரும்ப மாட்டார் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால்தான் அந்தச் சான்று அவளுக்கு உயிர். ஆரோக்கியத்தின் உயிர் என்று சொல்ல வேண்டும்.

கீழே சமவெளியில் கோடை என்பது இப்போது ஏழு மாதம். ஜனங்கள் மலையைப் பார்த்து ஏற ஆரம்பித்தார்கள். மலையில் தண்ணீர் எவ்வளவு இருக்கும், எத்தனை பேரைத் தாங்கும்? சர்க்கார் யோசித்து யோசித்து ஒரு சட்டம் போட்டது. நூறு வருஷமாகக் கண்ணி அறாமல் மலையில் உழைத்த வம்சம் மலையில் இருக்கலாம். மற்றவர்கள் கீழே 'நிழற்குடியிருப்பு'க்குப் போக வேண்டும். பேரைப் பாருங்கள், நிழற்குடியிருப்பு! தகரக் கூரைக்கு வைத்த பேர் அது. போனவர்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அங்கே விரல்ரேகை பார்க்கும் இயந்திரம்கூட வெயில் தாங்காமல் படுத்துவிடுகிறதாம். ஒரு பேர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு காலையில் வாயால் கூப்பிடுகிறார்கள், வாயால் ஆஜர் சொல்ல வேண்டும். மூன்று நாள் சத்தம் வராவிட்டால் தேடிக்கொண்டு ஆள் வரும்.

சரி, நூறு வருஷம் உழைத்ததை யார் சொல்வது? அதற்குத்தான் 'வேரடி' வந்தது. வேரடி ஓர் இயந்திரம். கறையான் தின்ற பெரட்டுப் புத்தகத்தையெல்லாம் அதன் வாயில் கொடுத்தால் போதும். பெரட்டு என்றால் விடிகாலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. வந்தவன் ஆஜர் சொல்லிவிட்டு, புத்தகத்தில் தன் பேருக்கு நேரே பெருவிரல் வைப்பான். வராதவனுக்கு ஒரு சுழி. அந்தக் காலத்து எந்தத் தோட்டத் தொழிலாளிக்கு வீட்டுப் பத்திரமும் பள்ளிக்கூடச் சான்றும் இருந்தது? இந்தப் பேர்தான், இந்தச் சுழிதான் அவன் சரித்திரம். வேரடி அதை எழுத்தெழுத்தாகப் படித்து, அப்பனையும் மகனையும் பேரனையும் முடிச்சுப் போட்டு, உன் பாட்டன் பூட்டன் இன்னார் என்று ஒரு வினாடியில் காட்டிவிடும். ஏதாவது ஒரு வருஷத்தில் இருபது சுழிக்கு மேல் விழுந்திருந்தால் கண்ணி அறுந்தது என்று அர்த்தம். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜெசிந்தாவின் வம்சம் சுத்தமாகத் தேறியது. அவள், அவள் அப்பா சந்தியாகு, தாத்தா இன்னாசி, பூட்டன் சூசை. அதிலும் சூசைப் பூட்டனின் வரிசையைப் பார்த்து ஆபீஸ்காரர்களே அசந்துபோனார்களாம். வருஷக்கணக்கில் ஒரே ஒரு சுழி இல்லை. மழையோ காய்ச்சலோ, மனுஷன் ஒரு பெரட்டை விட்டதில்லை. அவள் அப்பா உயிரோடு இருந்தபோது இந்தப் பெருமையைத்தான் வாய் ஓயாமல் பேசுவார்.

சூசை இருந்த அதே லயத்தில், அதாவது அதே தோட்டக் குடியிருப்பு வரிசையில், இருந்த மற்றவர்களுக்குத்தான் வினை. பதினேழாம் லயத்தில் அந்தக் காலத்தில் பன்னிரண்டு வீடு. சூசை போக மிச்சம் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரின் வம்சத்தில் ஆறு குடும்பம் இன்னும் மலையில் இருந்தது. ஆறும் போன வாரம் அடிபட்டுவிட்டது. ஒவ்வொருவனின் பூட்டனுக்கும் வருஷத்துக்கு இருபத்தெட்டு சுழி, முப்பது சுழி. 'ஒழுங்கீன வருகை' என்று இயந்திரம் காகிதத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

அவள் ஆபீசுக்குக் கிளம்பியபோது பக்கத்து வீட்டு வாசலில் துரைராசு பீரோவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயசு, பாக்டரியில் தேயிலை ரோலர் ஓட்டுகிறவன். போன வாரம்வரை அக்கா அக்கா என்று வாய்நிறையக் கூப்பிட்டவன். இப்போது நிமிர்ந்து பார்த்துவிட்டு, கயிற்றைப் பார்த்தே பேசினான். "உங்க பூட்டன் ஒருத்தன்தான் ஒழைச்சானாம். எங்க பூட்டன் வீரணன் சோம்பேறிப் பயலாம். சர்க்காரே சொல்லிருச்சு. நல்லா இருங்க." அவளுக்குச் சுருக்கென்றது. பதில் பேசி என்ன ஆகப் போகிறது என்று நடையைக் கட்டினாள்.

பழைய பாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியைத்தான் ஆபீசாக்கியிருந்தார்கள். பலகையில் இன்னும் தேயிலை வாசம் போகவில்லை. நிறைமதி என்ற பெண்தான் அங்கே வேரடியைப் பார்த்துக்கொள்பவள். தேனிப் பக்கத்துப் பெண், முப்பது இருக்கும், தற்காலிக வேலை. ஜெசிந்தா உள்ளே போனதும் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

தேறியவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு என்றும், அது ரேகைச் சரிபார்ப்பு என்றும் நிறைமதி விளக்கினாள். பேரை மட்டும் நம்பாமல், பேருக்கு நேரே இருக்கும் பெருவிரல் ரேகை எல்லா நாளும் ஒரே ஆளுடையதுதானா என்று வேரடி பார்க்கும். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள். மஞ்சள் பூத்த ஒரு பக்கம். 'சூசை' என்ற எழுத்துக்கு நேரே வரிசையாக மைப்புள்ளிகள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணு ஜூன் வரைக்கும் ஒரே ஆள், அக்கா. அதுக்கப்புறம் அந்த ரேகை எங்கயுமே இல்ல. இந்தப் புத்தகத்துல மட்டுமில்ல, சுத்துப்பட்டு எந்தத் தோட்டத்துப் புத்தகத்துலயும் இல்ல."

"அப்படின்னா?"

"செத்துப்போயிருக்கணும். அந்த வருஷம் மலைக்காய்ச்சல்ல நிறைய பேர் போயிருக்காங்க. ஆனா பேரு மட்டும் அஞ்சு வருஷம் ஆஜர் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. உங்க தாத்தா இன்னாசி பேரு ஏறுற நாள் வரைக்கும். அன்னைக்கோட சூசை பேரு நின்னுருது."

ஜெசிந்தா திரைக்குக் கிட்டத்தில் குனிந்தாள். அப்படியானால் ரேகை வைத்தது யார் என்று கேட்டாள். ஒருத்தர் இல்லை, பதினோரு பேர் என்றாள் நிறைமதி. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர், முறை வைத்து வந்திருக்கிறார்கள். சூசை பேரில் ரேகை வைத்த அன்றைக்கு அந்த ஆளின் சொந்தப் பேரில் சுழி விழுந்திருக்கிறது. ஒரு ஆள் ஒரு நாளில் இரண்டு பேருக்கு ஆஜர் சொல்ல முடியாதில்லையா? வருஷத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் வேலைநாள், பதினோரு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இருபத்தெட்டு.

இருபத்தெட்டு. அந்தச் சுழிகள்.

எதற்காக இப்படிச் செய்தார்கள் என்பதையும் நிறைமதி பழைய தோட்ட விதியைப் படித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். லயத்து வீடு ஆம்பிளை பேரில்தான். மூன்று நாள் பெரட்டுக்கு வராவிட்டால் பேரை அடித்து வீட்டைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிற பெண்ணும் பிள்ளையும் மழையில் நிற்க வேண்டியதுதான். சூசை செத்தபோது இன்னாசிக்கு ஒன்பது வயசு. பேர் பதிய பதினாலு ஆக வேண்டும். இருட்டிலும் பனியிலும் முந்நூறு பேரைக் கூப்பிடுகிற கணக்குப்பிள்ளைக்கு ஆள் முகமா தெரியும்? குரல் வந்தால் போதும். கங்காணிக்குத் தெரிந்திருக்கும், கண்டும் காணாமல் இருந்திருப்பான்.

"அவங்க பேரும் வந்துருச்சுக்கா. அவங்கவங்க வரிசையில இருக்கிற ரேகையோட பொருந்துது. லயத்து வரிசைப்படி சொல்றேன். மாடசாமி, வீரணன், பேச்சிமுத்து..."

"சின்னான், அபுபக்கர், கருத்தான்," என்று ஜெசிந்தாவின் வாய் தன்பாட்டுக்குத் தொடர்ந்தது. "பெரியாம்பிளை, சடையன், தொப்ளான், மூக்கன், வெள்ளையன்."

நிறைமதி அப்படியே அவளைப் பார்த்தாள். திரையில் அதே பேர்கள், அதே வரிசை.

ஜெசிந்தா பிறந்ததிலிருந்து சொல்லும் பேர்கள் அவை. அவர்கள் வீட்டில் செபம் முடிந்ததும் புனிதர்கள் பேரோடு இந்தப் பதினோரு பேரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தோணியார் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், சவேரியார் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று போய், மாடசாமி, வீரணன், பேச்சிமுத்து என்று வந்து முடியும். சின்ன வயசில் சிரித்திருக்கிறாள். மாடசாமி எந்த ஊர் புனிதர் என்று கேட்டு அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறாள். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இவர்கள் மட்டும் ஆற்றோரத்துப் பாறைக்குப் போய்ப் பன்னிரண்டு மெழுகுதிரி ஏற்றுவார்கள். ஏன் என்று அப்பாவுக்கும் தெரியாது, அவர் அப்பா செய்தார், அவரும் செய்தார். ஊர் அறிய அடக்கம் பண்ண முடியாத ஒரு சாவு அந்தப் பாறைக்கடியில் கிடந்தது என்று இப்போதுதானே தெரிகிறது.

நிறைமதி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் உட்கார்ந்தாள். சட்டம் எப்படி என்றால், ரேகையை மட்டும் வைத்து ஆள்மாற்றம் என்று முடிவு கட்ட முடியாது. பழைய மை, ஈரக் காகிதம், இயந்திரமும் தப்பும். அந்தக் குடும்பத்து வாரிசு ஒருவர் வாய்மொழியாகச் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 'ரேகை மங்கல்' என்று போட்டு மூடிவிடலாம்.

"மங்கல்னு போட்டா உங்க சான்று அப்படியே இருக்கும். நானும் எதையும் கேட்டதா எழுத மாட்டேன். சாட்சி சொன்னா, அந்த நாளெல்லாம் யாரோட ரேகையோ அவங்க கணக்குக்குப் போயிரும். அந்த ஆறு குடும்பமும் தேறிரும். உங்களோடது நாப்பத்து மூணுல அறுந்துரும்."

"ரெண்டு பக்கமும் நிக்க வழி இல்லையா, மேடம்?"

"ஒரு நாள் ஒரு ஆளுக்குத்தானேக்கா. எழுதிக் கேட்டுப் பாத்துட்டேன். இல்லன்னுட்டாங்க."

நாலு மணிவரைதான் நேரம் என்றாள் நிறைமதி. நாலு மணிக்குக் கோப்பு மேலே போய்விடும்.

ஜெசிந்தா படியிறங்கினாள். எந்தச் சண்டாளன் இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்று வைதுகொண்டே நடந்தாள். தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாளே. துரைராசு வீட்டு வாசலில் இப்போது பீரோவுக்குப் பக்கத்தில் தையல் மிஷினும் வந்து நின்றது. அவன் பொண்டாட்டி மகிழா ஏழு மாதக் கர்ப்பம். அந்த வயிற்றோடு தகரக் கூரைக்கடியில். பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

மறைக்க நினைத்தாள், முடியவில்லை. முகத்தைப் பார்த்ததும் ஆரோக்கியம் பிடித்துக்கொண்டான். பாக்டரியில் யாரும் கூப்பிடவில்லைதானே என்று கேட்டான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் கேட்டு முடித்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "சொல்லாத" என்றான்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. பெரிய மனசு பண்ணி, போய் உள்ளதைச் சொல்லு என்பான், நாம் மறுத்து அழலாம் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள் போல.

"எனக்குச் சாகப் பயமா இருக்கு, ஜெசி. அந்த வெயில் எப்படின்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. தலைக்குள்ள தீ வச்ச மாதிரி இருக்கும். நான் போகமாட்டேன். சொல்லாத." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகிறான் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். புருஷனைக் கொன்றுவிட்டு நியாயவான் பட்டம் வாங்கி என்ன செய்ய? செத்துப்போன பதினோரு பேர் எழுந்து வந்தா கேட்கப் போகிறார்கள்? துரைராசு மட்டும் என்ன, இந்த இடத்தில் இருந்தால் வாயைத் திறந்திருப்பானா? இப்படி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பொங்கப் போட்ட அரிசியைக் களைய மறந்துவிட்டாள், உலையில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. மத்தியானச் செபம். எத்தனை முடியாமல் கிடந்தாலும் ஆரோக்கியம் அந்த மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனாரிடம் கற்றுக்கொண்டு, இந்தப் பேர்களையும் அவனே சொல்லுவான். இன்றைக்கும் எழுந்து உட்கார்ந்தான். அவள் அடுப்படியிலிருந்தே முணுமுணுத்தாள். மங்கள வார்த்தை முடிந்தது. அந்தோணியார் போனார். சவேரியார் போனார்.

"மாடசாமி..." என்றான். பிறகு, "வீரணன்..."

அதற்கு மேல் சத்தம் வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். வாசலில் துரைராசு யாரையோ கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் குரல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஆரோக்கியம் ஜன்னலையே பார்த்தான். மறுபடி வாயைத் திறந்தான், மூடினான். மூன்றாம் பேர் வரவே இல்லை. கால்மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவளும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போய்ச் சொல்லிடு," என்றான் கடைசியில். "இனிமே அந்தப் பேரை என்னால வாய்ல வைக்க முடியாது. அதைச் சொல்லாம எனக்குச் செபம் முடியாது."

"அப்போ நீங்க?"

"பயமாத்தான் இருக்கு. நீ போ, நான் மனசு மாறுறதுக்குள்ள போ."

வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து நடந்து, மூன்றே முக்காலுக்குத்தான் மாடியேறினாள். நிறைமதி வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தவள், அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். சாட்சி சொல்ல ஐந்து நிமிஷம்தான் ஆனது. பதினோரு பேர், பாறை, பன்னிரண்டு மெழுகுதிரி. கடைசியில் பெருவிரலை வைக்கச் சொன்னபோது ஜெசிந்தாவின் விரல் கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேய்ந்து இயந்திரத்தில் பதியவே இல்லை. நாலு தடவை துடைத்துத் துடைத்து வைத்தாள்.

மறுநாளே பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஆறு குடும்பம் உள்ளே, ஒரு குடும்பம் வெளியே. சான்று பெற்றவர்கள் மலைக்கும் சமவெளிக்கும் போய்வரத் தடையில்லை என்று அடியில் ஒரு குறிப்பு. சான்று இழந்தவர்கள் பதினைந்தாம் நாள் பஸ் ஏற வேண்டும், ஏறாதவர்களைத் தேடிப் பிடித்து ஏற்றுவார்கள் என்று இன்னொரு குறிப்பு.

ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. துரைராசு பீரோவை அவிழ்த்து உள்ளே தள்ளினான். ஜெசிந்தா வாசலில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலமானால் ஆறு வீட்டு ஆம்பிளைகளும் துரைராசு வீட்டில் கூடிக் குசுகுசுவென்று பேசுவார்கள், இவள் தலையைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். மனுஷ ஜென்மமா இதுகள் என்று மனசு வெந்துபோனது. நன்றி வேண்டாம், சாகப் போகிற ஆளை வந்து ஒரு தடவை பார்க்கக்கூடாதா? ஆரோக்கியத்திடம் சொல்லிக் குமுறினாள். அவனோ விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

பதினைந்தாம் நாள் விடிந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

செருப்பைக் காணோம். மாத்திரைப் பெட்டியைக் காணோம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையையும் காணோம். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிற மனுஷன் எங்கே போயிருப்பான்? அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆறுதான். பாறைக்கு ஓடினாள். தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது, ஒரு குஞ்சு இல்லை. கத்திக் கூப்பிட்டாள். திரும்பி ஓடிவந்து துரைராசு வீட்டுக் கதவைத் தட்டினாள். மகிழா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பால் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா வந்துரும்க்கா. நீ பஸ்ஸுக்குப் போ. நீ போகலைன்னாத்தான் தப்பாப் போயிரும்," என்றாள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

என்ன தப்பு, எங்கே வந்துரும் என்று கேட்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. ஜெசிந்தா இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு நடந்தாள். கால் தரையில் பாவவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் பேர் கூப்பிட்ட அதே களத்தில்தான் இன்றைக்கு பஸ் நின்றது. வேறு தோட்டத்து ஆட்களும் சேர்ந்து நாற்பது பேருக்குக் குறையாது. நல்ல பனி. பத்தடிக்கு அப்பால் ஆள் உருவம்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

பேர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு படியில் நின்றது நிறைமதி. பக்கத்தில் ஒரு காவலர்.

"ஜெசிந்தா."

"ஆஜர்."

"ஆரோக்கியம்."

சத்தமில்லை. ஜெசிந்தா சுற்றும்முற்றும் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாமா? சொன்னால் தேடிக்கொண்டு போவார்கள். நாய் போகும், பறக்கும் கேமரா போகும். எங்கே விழுந்து கிடக்கிறானோ, அங்கிருந்து தூக்கிவந்து ஏற்றுவார்கள். நிறைமதி இரண்டாம் தடவை கூப்பிட்டாள். காவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு போனைக் கையில் எடுத்தார்.

"ஆரோக்கியம்." மூன்றாம் தடவை.

"ஆஜர்."

பின்னாலிருந்து வந்தது குரல். பனியை விலக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை முன்னால் வந்தது. சட்டை ஆரோக்கியத்தினுடையது. உள்ளே இருந்தது துரைராசு.

நிறைமதி அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அவன் சான்றை எழுதிக் கையில் கொடுத்ததே அவள்தானே. அவன் பூட்டன் வீரணனின் பெருவிரலில் கவாத்துக் கத்தி பட்ட தழும்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூட அவளுக்குத் தெரியும். துரைராசு கண்ணை இமைக்காமல் நின்றான்.

"என்ன மேடம், ஏதாவது பிரச்சினையா?" என்று காவலர் கேட்டார்.

நிறைமதி பேனாவை உதறினாள். "ஆள் இருக்கு," என்றாள். பேருக்கு நேரே கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

பஸ் கிளம்பி இரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கியது. துரைராசுதான் பேச்சை ஆரம்பித்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆரோக்கியம் தன் வீட்டு உள்ளறையில் இருக்கிறானாம். நேற்று முன்தினம்வரை ஒத்துக்கொள்ளவே இல்லையாம், அவள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தார்களாம். அவளிடம் சொன்னால் அழுது காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று ஆரோக்கியம்தான் சொல்ல வேண்டாம் என்றானாம். கீழே வாயால்தானே ஆஜர்? சான்று இருக்கிறவன் போய்வரலாம் என்று சர்க்காரே எழுதி ஒட்டியிருக்கிறதே.

"உன் புள்ளை பொறக்கப் போற நேரத்துலயா துரை?" என்று கேட்டாள். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள திரும்பிருவேன். ஆறு வீட்டுலயும் சேத்து ஆம்பிளைங்க பத்தொன்பது பேரு. ஆளுக்கு இருபது நாள். அடுத்து வர்றது அபுபக்கர் வீட்டு நாசர்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "இருபது சுழியைத் தாண்ட மாட்டோம்க்கா. எங்க பூட்டனுங்களுக்குக் கணக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்."

பாறை தாண்டிப் போயிற்று. ஜன்னல் வழியாக அனல் காற்று லேசாக வீசத் தொடங்கியது. துரைராசு கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது பேரின் பேரையும் வரிசையாகச் சொல்லச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்டான். மத்தியானச் செபத்துக்குள் மனப்பாடம் ஆக வேண்டும் என்றாள் அவள்.